செல்லாத சொற்கள்

ஹைதராபாத்துக்கு வந்த முதல் வாரத்தில் மூன்று பேர் என்னிடம் கங்காருவைப் பற்றிப் பேசினார்கள். அமீர்பேட்டில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதியின் வார்டன், பேருந்து நடத்துநர், வங்கியில் படிவம் வாங்கிய பெண். எதையாவது தேடி நான் கைப்பையைத் துழாவும்போதெல்லாம் "கங்காரு படக்கண்டி" என்றார்கள். குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கோடு என்னை ஒப்பிட்டுக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். எங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் யாதகிரியிடம் கேட்டபோது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கங்காரு என்றால் தெலுங்கில் பதற்றமாம். பதறாதீர்கள் என்றுதான் அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். "ஸ்ட்ரெஸ் மேல ரிசர்ச் மேடம், மீக்கு கங்காரு தெலியதா?" என்றார்.

மாதாப்பூரில் வாரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. என்னோடு கோவில்பட்டியிலிருந்து ரயிலேறியவர்கள் எல்லாம் கணினி முன்னால் உட்காரப் போனார்கள். நான் மட்டும் மனிதர்களின் தலையில் மின்வாய்கள் தைத்த தொப்பியை மாட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யப் போனேன். தபால் நிலைய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "நல்லா இருக்கறவங்க தலையில எதுக்கும்மா ஒயரு?" என்பார். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எனக்காக ஒரு விரிவுரையாளர் வேலையைப் பேசி வைத்திருந்தார். ஆய்வு நிதி நீட்டிக்கப்படாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பதற்றத்தில் நினைவுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. சோதனைக்கு வருபவருக்கு அவர் தேர்ந்தெடுக்கும் மொழியில் இருபது சொற்களைப் படித்துக் காட்டுவோம். பிறகு, முகத்தில் சலனமே இல்லாத இரண்டு நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேசச் சொல்வோம். அந்தப் படபடப்போடு சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பதற்றத்தின் அளவைப் பார்க்க நடுநடுவே சின்னக் குழாயில் உமிழ்நீர் எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் எழுதியபோது கச்சிதமாக இருந்த திட்டம், ஊருக்குள் இறங்கியதும் தள்ளாடியது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று கெஞ்சியும் மணக்க மணக்க எண்ணெய் தேய்த்து வந்தார்கள், மின்வாய்கள் வழுக்கின. மென்பொருள் இளைஞர்கள் நடுவர்களைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை, மேலாளர் இதைவிட மோசம் என்றார்கள். மற்றவர்களோ நடுவர்களுக்காக வருத்தப்பட்டார்கள். கல்முகத்தோடு உட்கார்ந்திருந்த யாதகிரியிடம் ஓர் அம்மாள் "உடம்பு சரியில்லையா பாபு?" என்று தெலுங்கில் விசாரிக்க, அவர் சிரித்துவிட, அன்றைய பதிவு வீணானது.

மெர்சி அக்கா சோதனைக்கு வந்தது அந்த நாட்களில்தான். ரயில்வே பணிமனையில் எழுத்தர். அவருடைய தாத்தா மதராஸ் ராஜதானியிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். என் பெயரைக் கேட்டதுமே, "நம்ம ஊர்ப் பொண்ணா? ஹவ், ஆமா, மொகத்தப் பாத்தாலே தெரியுது!" என்றார். அவருக்கு நம்ம ஊர் என்று எந்த ஊரும் தெரியாது, தமிழ்நாட்டுக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. பள்ளியில் படித்தது தெலுங்கு என்பதால் தெலுங்குப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தார். நடுவர்கள் முன்னால் நன்றாகவே வியர்த்தார். சொற்களைத் திருப்பிச் சொல்லும் நேரம் வந்தது. 'கொடுகு' என்று படித்துக் காட்டியதைக் 'குடை' என்றார். 'வான' என்றதை 'மழை' என்றார். கண்ணாடிக்கான தெலுங்குச் சொல்லை விட்டுவிட்டு 'ஐனா' என்று இந்தியில் சொன்னார். நான் வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் எதிரே 'செல்லாது' என்று குறித்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"கைக்கு தப்பு போடற?" ஏன் என்று கேட்க அவருக்கு வாயில் வருவது ஹைதராபாத் இந்தியின் 'கைக்கு'தான்.

"படிச்ச சொல்லையே சொல்லணும்க்கா. நீங்க வேற பாஷையில சொல்லிட்டீங்க."

"பொருள் மாறிச்சா?"

"மாறல."

"அப்ப நான் மறக்கலியே மா. உன் பேப்பர்ல ஒரு பாஷைக்குத்தான் எடம் இருந்தா நான் என்னா பண்றது? என் மண்டைக்குள்ள மூணும் ஒரே வூட்லதான் இருக்குது." தொப்பியைக் கழற்றியபோது தலைமுடியெல்லாம் பசை. அதைத் துடைத்துக்கொண்டே, "டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேணாம். நல்லா யோசி," என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

யோசித்தேன். இப்படிச் செல்லாது என்று ஒதுக்கியவர்களின் ஒலிப்பதிவுகளை மறுநாளே எடுத்து, யாதகிரியும் நானுமாக ஒரு வாரம் கேட்டோம். தெலுங்கில் கேட்டு உருதுவில் சொன்னவர், இந்தியில் கேட்டு மராத்தியில் சொன்னவர், ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட மாதாப்பூர்ப் பையன். நடுவர்கள் முன்னால் நின்றவர்களிடம்தான் இது அதிகமோ என்று ஒரு சந்தேகம். உறுதியாகச் சொல்ல அந்தப் பதிவுகள் போதாது. ஆனால் இத்தனை நாள் நான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது மறதி அல்ல என்பது மட்டும் காதுக்கே தெரிந்தது.

ஆய்வு மதிப்பீட்டுக் குழுவின் கூட்டம் அடுத்த மாதம். எதிரே மூன்று பேர், ஒருவர் முகத்திலும் சலனமில்லை. என் சோதனைக்குள் நானே போய் மாட்டிக்கொண்டேன் என்று தோன்றியதும் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஏன் இவ்வளவு பேரை ஒதுக்கினீர்கள் என்று கேட்டார் நடுவில் இருந்த பெண்மணி. நான் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். முதலில், படித்த சொல்லையே சொல்ல வேண்டும் என்ற விதியைச் சொன்னேன். என் விதிதான் தவறு என்று சொன்னேன். அதற்கு அடுத்து முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது மட்டும் வரவில்லை. வாய் தானாக, "குர்த்து ராலேது மேடம்" என்றது. ஞாபகம் வரவில்லை என்பதைத் தெலுங்கில் சொல்லியிருக்கிறேன், அதுவும் தில்லியிலிருந்து வந்த குழுவிடம்.

ஓரத்தில் இருந்த உறுப்பினர் தெலுங்குக்காரர் போல, அடக்க முடியாமல் சிரித்தார். "உங்கள் தாய்மொழி தமிழ் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் விளக்க வேண்டாம். இப்போது எங்களுக்கே காட்டிவிட்டீர்கள்." மற்ற இருவரும்கூடச் சிரித்தார்கள். 'பொருள் மாறிச்சா?' என்று மெர்சி அக்கா கேட்டதை அவர்களிடம் சொன்னேன். அந்தக் கேள்வியையே ஆய்வின் தலைப்பாக்கி, இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நிதியை நீட்டித்தார்கள். மாலையில் யாதகிரி ஆய்வகம் முழுவதற்கும் இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கி வந்தார். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரிம்மா, அந்தக் காலேஜ்ல வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார். குரலில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த இரண்டு ஆண்டு எட்டாக வளர்ந்துவிட்டது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், அங்கே தமிழ் மறந்துவிடாதா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. மூளை புதிதாக ஒன்றை உள்ளே விடுவதற்காகப் பழையதை வாசலுக்குத் துரத்துவதில்லை என்பதை என் தொழிலிலும் பார்க்கிறேன். ஆனால் எது முந்திக்கொண்டு வெளியே வரும் என்பது நம் கையில் இல்லை.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பீரோக் கதவில் விரல் நசுங்கிவிட்டது. "அப்பா!" என்று கத்தினேன். தெலுங்கில் வலித்தால் அப்படித்தான் கத்துவார்கள், 'டப்பா'வில் வருகிற ப்பா; தகப்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது எனக்கு எப்போது தொற்றியது என்றே தெரியாது. முன்னறையில் செய்தித்தாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து நின்றார்.

"என்னம்மா, கூப்ட்டியா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அடிபட்டா எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. இவளுக்கு அப்பா வேண்டியிருக்கு."

அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை. என் விரலைத் தண்ணீர்ச் செம்புக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாப்பா," என்றேன், தமிழில். "உங்களத்தான் கூப்ட்டேன்."