கேமராவில் பதிந்திருந்த என் குரல்

டேப் போட்டு எடுக்கும் வீடியோ கேமரா போய், அகலமாகப் படம் எடுக்கும் எச்.டி. கேமரா வந்துகொண்டிருந்த காலம். தங்கச்சி கல்யாணத்தை நானே எடுக்கவேண்டும் என்று மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. விற்பனையாளருக்கு என் வயதுதான் இருக்கும். எச்.டி. கேமராவை என் கையில் கொடுத்து, ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார். பிறகு, வீட்டில் என்ன டிவி என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துக்காரன் என்று எடை போடுகிறான் என நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. எச்.டி.யையே வாங்கினேன்.

கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டாரையும் உட்காரவைத்து எங்கள் பழைய டிவியில் போட்டேன். படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை.

"என்ன மச்சான், பாதி டிவிதான் வேல செய்யுது போல!" என்றார் மாப்பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய்க் கத்தினேன். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். முதலாளி கேமராவை அகலமான புது டிவியில் மாட்டினார். படம் திரை முழுக்க, அவ்வளவு தெளிவாக வந்தது. அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"பழைய டிவில இப்படி வரும்னு இந்தாளு ஒரு வார்த்த சொல்லல!" என்றேன்.

"சொன்னேன் முதலாளி" என்றார் விற்பனையாளர்.

"பொய்!"

உண்மையிலேயே எனக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் அத்தனை பேருக்கு முன்னால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். முதலாளி அவரை எல்லார் முன்னாலும் ஏசினார். அவர் தலை குனிந்து நின்றார். எனக்கு அது திருப்தியாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் கேமராவில் முதலாவதாகப் பதிந்திருந்ததைப் போட்டேன். கடைக் கண்ணாடிப் பெட்டி ஆடி ஆடித் தெரிந்தது. அன்று விற்பனையாளர் அழுத்திய பொத்தான் பதிவைத் தொடங்கியிருக்கிறது. முதலில் அவர் குரல்.

"பழைய டிவின்னா மேலயும் கீழயும் கறுப்பா வரும் அண்ணே. டேப் கேமராவே போதும், வீணா செலவழிக்காதீங்க."

அடுத்து என் குரல். "ஏன், தோட்டத்துல இருந்து வந்தா நல்லது வாங்கக் கூடாதா? குடுக்கச் சொன்னதக் குடு!"

பக்கத்தில் இருந்த மனைவி, "அவரு சொல்லியிருக்காரேங்க" என்றாள்.

அடுத்த நாளே போயிருக்க வேண்டும். வெட்கத்தில் மூன்று வாரம் கடத்தினேன். பிறகு போய் முதலாளிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அவர அன்னைக்கே வேலையிலருந்து நிப்பாட்டிட்டேன். இப்பக் கொண்டு வந்து என்ன செய்ய?"

எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கல்யாண வீடியோவைக் கேட்பவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறேன். அந்த முதல் துண்டை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை, அழிக்கவும் இல்லை. கோபம் இன்றும் வருகிறது. ஆனால் கத்துவதற்கு முன், எதிரே நிற்பவர் இதை ஏற்கெனவே சொல்லிவிட்டாரோ என்று ஒரு நொடி யோசிக்கிறேன். அந்த ஒரு நொடியை நான் கற்றுக்கொள்ள ஒரு மனிதர் தன் வேலையை இழக்க வேண்டியிருந்தது.