குமுளி ஏற்றமும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமான வருஷம், நான் ஒரு காரும் வாங்கினேன். மலையில் எஸ்டேட் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது, போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த என் தலையில் அதைக் கட்டிவிட்டுப் போய்விட்டார் என்பது என் அப்பாவின் கட்சி. நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை. உட்கார்ந்தால் ரோடு கைக்கு எட்டும். எதிரே எருமை வந்து நின்றால் அதன் வயிறுதான் தெரியும், முகம் தெரியாது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்தில் அதன் கிளட்ச் தேய்ந்துபோனது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நகராது. சமதரையில் ஒருவாறு சமாளிக்கும், ஏற்றம் வந்தால் இரண்டு பேரை இழுக்காது. இதற்குப் பெட்ரோல் பங்க்காரன் காரணம், ரோடு போட்ட கான்ட்ராக்டர் காரணம், அந்த வெள்ளைக்காரர் காரணம். என்னை யாராவது காரணம் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு, மூக்குக்கு மேலே கோபம்.

அந்த நிலையில்தான் மலை மேலே குமுளியில் ஒரு சிநேகிதனுக்குக் கல்யாணம் வந்தது. பஸ்ஸில் போகலாம் என்று என் மனைவி சொன்னாள். கார் வைத்திருப்பவன் பஸ்ஸில் போவானா என்று கேட்டுவிட்டு, பட்டுப்புடவையோடு அவளை உட்கார வைத்துக் கிளம்பினேன். கூடலூர் தாண்டி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் ராஜநடைதான். மலை ரோட்டில் முதல் வளைவிலேயே எஞ்சின் கத்த ஆரம்பித்தது.

"கொஞ்சம் இறங்கி நடந்து வா. மேல போயி நிக்கிறேன்" என்றேன்.

இறங்கினாள். நான் மட்டும் ஏறிப்போய் சமமான இடத்தில் நிறுத்தினேன். வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் மறுபடியும் சொன்னேன், மறுபடியும் இறங்கினாள். லாரிக்காரர்கள் அவளைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது தடவை அவள் இறங்கி, கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள். கதவைப் பார்த்துச் சாத்து என்று வேறு சொன்னேன். மேலே போய் நிறுத்திக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தபோது, குமுளியிலிருந்து ஒரு பஸ் என்னைத் தாண்டிக் கீழே போயிற்று. கால் மணி நேரமாகியும் அவள் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார்.

"பட்டுச் சேல கட்டுன புள்ளையா? அது இந்நேரம் கம்பம் போயிருக்கும். பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிருச்சே."

கம்பத்திலிருந்து டவுன் பஸ் பிடித்தால் காமயகவுண்டன்பட்டி. அதுதான் அவள் பிறந்த ஊர். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் பின்னாலேயே போகவில்லை, நேராகக் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். அதையும் யாரோ ஒரு புண்ணியவான் என் மாமனார் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான்.

பத்து நாள் வீம்பு பிடித்துவிட்டு, பதினோராம் நாள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். மாமனார் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர், அதிகம் பேசமாட்டார். மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"மாப்ள, புள்ள சொல்றது இம்புட்டுத்தான். வண்டியச் சரி பண்ணிக் கொண்டாந்து, அதே கொமுளி ஏத்தத்துல அவள இறக்கிவிடாம ஏறிக் காட்டணுமாம். ஏறுச்சுன்னா அங்கனருந்து உங்களோட போடிக்கு வாராளாம். ஏறலைன்னா இங்கனயே இருந்துக்கிறாளாம்."

"நான் இப்பவே பஸ்ல கூட்டிட்டுப் போறேன் மாமா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பஸ்ஸுல போக எனக்கே தெரியும்."

அந்தக் குரலைக் கேட்டதும் மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். போடி வீட்டில் பத்து நாளாக ரேடியோவைத் தவிர வேறு பேச்சுக் குரலே இல்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டு, பதினைந்து நாளில் வருகிறேன் பார் என்று வீட்டுக்குள் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மதுரையில் விசாரித்தால், இந்தக் காருக்குச் சாமான் சீமையிலிருந்துதான் வரவேண்டும், ஆறு மாதமாகும் என்றார்கள். கடைசியில் தேனியில் பெரியகுளம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். லாரி, டிராக்டர், தோட்டத்து டீசல் எஞ்சின், இவைதான் அவருக்குப் பழக்கம். காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"இதுக்கு அடியில எலிதான் போகும் மொதலாளி" என்றார்.

எஞ்சினை மொத்தமாக வெளியே தூக்கினால்தான் கிளட்ச் கண்ணில் படும் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நாள் ஆனது. தூக்குவதற்கு கெங்குவார்பட்டியிலிருந்து கிணற்று மோட்டார் இறக்கி ஏற்றும் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, சங்கிலி கோத்து, வேட்டியை வரிந்து கட்டி, ஒரே இழுப்பில் எஞ்சினை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். அறுபதடி ஆழத்திலிருந்து தூக்கிப் பழகியவர்களுக்கு இது வேலையாகவே படவில்லை. இதுக்கா எங்களக் கூப்பிட்டீக என்று கோபித்துக்கொண்டு போனார்கள். பழைய கிளட்ச் பிளேட்டின் மேல் பிடிப்புக்காக இருக்கும் லைனிங் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. மெக்கானிக் அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, லாரிக்குப் போடுகிற லைனிங்கை அளவாக அறுத்து, ராவி, துளை போட்டு, ரிவிட் அடிக்க ஆரம்பித்தார். நான் தினமும் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அவருக்கு யோசனை சொன்னேன். நான்காம் நாள் அவர் நிமிராமலே, "கடையில யாவாரம் எதுவும் இல்லையா மொதலாளி?" என்று கேட்டார்.

பிளேட் தயாரானது ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில். உடனே மாட்டுங்கள் என்று குதித்தேன். மனிதர் அசையவில்லை. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் கழுவிப் பூஜையில் வைத்தாகிவிட்டது, நாளைக்கு விடியக்காலம் மறுபூஜை போட்டுத்தான் தொடுவேன் என்றார். என் பிளேட்டை மட்டும் செய்தித்தாளில் சுற்றி உயரப் பலகையில் வைத்தார்.

"இது மேல மட்டும் யாரும் கை வைக்கப்படாது. எண்ணெப் பிசுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் பிடிக்காது, வழுக்கும்."

எனக்கா தெரியாது என்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் பூஜைக்கு நானும் போயிருந்தேன். நல்லெண்ணெய்த் துணியால் துடைத்து, ஸ்பேனர்களெல்லாம் வரிசையாகப் பளபளத்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கிரீஸ் டப்பாவுக்குச் சந்தனம், காற்றடிக்கும் பம்புக்குச் சந்தனம், மெக்கானிக்கின் மூக்குக் கண்ணாடிக்குக்கூட இரண்டு பக்கமும் சந்தனப் பொட்டு. என் வாழ்க்கையே எதை நம்பி இருந்ததோ அது மட்டும் பழைய பேப்பரில் பலகை மேல் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் நின்ற லாரிக்குப் பூசணிக்காய் உடைக்க அவர் வெளியே போனார். நான் பிளேட்டை எடுத்தேன். மற்றதெல்லாம் பளபளக்கும்போது இது மட்டும் மங்கலாக இருப்பானேன் என்று அந்த எண்ணெய்த் துணியாலேயே இரண்டு பக்கமும் ஒரு துடை துடைத்தேன். மும்மூன்று பொட்டு சந்தனம் வைத்தேன், நடுவில் குங்குமம். கண்ணை மூடி, ஏத்தம் ஏறணும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். காலடிச் சத்தம் கேட்டதும், அதே துணியால் அவசரமாகப் பொட்டை அழித்துப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்ததும் அவர் வேலையில் இறங்கினார். கண்ணாடியில் சந்தனம் சரியாகப் போகாமல் ஒரு பக்கம் மங்கலாகத்தான் இருந்தது, அடிக்கடி கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுது என்று நான் வேறு காதருகே நச்சரித்தேன். பிளேட்டை நானே பேப்பரைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கார் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி ஓடியது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"பாத்துப் போங்க மொதலாளி. வீட்டம்மாகிட்ட கேட்டதாச் சொல்லுங்க" என்றார். கதை முழுக்க அவருக்குத் தெரியும். தேனிக்கே தெரியும்.

இரண்டு மணிக்குக் காமயகவுண்டன்பட்டி. அவள் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, முன்னால் ரோட்டைப் பார்த்தாள். கூடலூர், லோயர் கேம்ப், மலை ரோடு. முதல் வளைவில் கார் சும்மா ஜம்மென்று ஏறியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்திருந்தது. இரண்டாம் வளைவும் ஏறிவிட்டது. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது.

மூன்றாம் வளைவில் எஞ்சின் கத்தியது. வண்டி மெதுவானது, நின்றது. பின்னால் உருள ஆரம்பித்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். காலடியிலிருந்து புகை வந்தது.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் எந்த வார்த்தையைச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

"கிளட்ச்ச மாத்தியாச்சுன்னீக" என்றாள்.

"மாத்தியாச்சு. அந்த மெக்கானிக் பய…" என்று ஆரம்பித்தேன்.

அவள் மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள். "என்னங்க இது, சந்தனம் மணக்குது?"

உண்மைதான். கருகின நாற்றத்துக்கு நடுவே சந்தனமும் நல்லெண்ணெயும் கோயில் பிராகாரம் மாதிரி மணத்தது. விடியக்காலத்திலிருந்து மங்கின கண்ணாடியோடு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. பய என்று சொன்னதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"அவரு ஒழுங்காத்தான் செஞ்சாரு. எண்ணெ படக்கூடாது, தொடாதீகன்னு சொல்லியும் வச்சாரு. நான்தான் எடுத்து எண்ணெத் துணியால தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன்."

"கிளட்ச்சுக்கா?"

"கிளட்ச்சுக்கு."

"எதுக்கு?"

"நீ வரணும்னுதான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் இப்படித் தலை குனிந்து உட்கார்ந்திருந்து அவள் பார்த்ததில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயிற்று.

"சரி, திருப்புங்க" என்றாள்.

நான் இறங்கினேன். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் நின்று ஒரு கையால் ஸ்டீயரிங்கை ஒடித்து, தோளைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி, வளைவின் அகலத்தில் காரைத் திருப்பினேன். சட்டை நனைந்துவிட்டது. இறக்கத்துக்கு எஞ்சினே வேண்டியதில்லை, தானாக உருண்டது. சமதரைக்கு வந்தபின் மெதுவாக மிதித்தால் இழுத்தது. ஏறவில்லை என்றால் என்ன என்பது முன்னமே பேசி முடித்த விஷயம். அதை மாற்றிக் கேட்க எனக்கு வாய் ஏது?

கம்பத்துக்குள் நுழைந்தோம். காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பும் ரோடு வந்தது. நேரே போகிற ரோடு போடிக்கு. திருப்பத்துக்கு வேகத்தைக் குறைத்து, கியர் மாற்றுவதற்காகக் கிளட்சின் மேல் காலை வைத்தேன்.

"அத மிதிக்காதீக" என்றாள். "நேராப் போங்க."