காவத் தெரியாதவன்

காவு என்ற சொல்லுக்காக ஒரு காலத்தில் மூன்று நாள் சண்டை பிடித்திருக்கிறேன். அப்போது கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை. அம்புலன்ஸில் ‘நோயாளர் காவு வண்டி’ என்று எழுதுவது எங்கள் நாட்டு வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அதை வீதியில் பார்த்துவிட்டு எங்கள் மேலதிகாரியிடம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். அவருடைய ஊரில் காவு என்றால் பலி. ஆட்டையும் சேவலையும் காவு கொடுப்பார்கள். நோயாளரைக் காவு கொடுக்க அரசாங்கமே வண்டி விடுகிறதா என்று கேட்டாராம். மேலதிகாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொல்லை மாற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

எனக்கு அந்த நாட்களில் வாய் கொஞ்சம் நீளம். பழந்தமிழில் கா என்றால் இரண்டு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் வைக்கும் தண்டு, காவடிக்குள் இருப்பதும் அதுதான் என்று தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் தண்ணீரைக் காவுகிறோம், விறகைக் காவுகிறோம், பிள்ளையை இடுப்பில் காவிக்கொண்டு திரிகிறோம். எங்கள் பத்திரிகைகளும் விபத்து என்றால் ‘உயிரைக் காவு கொண்டது’ என்றுதான் எழுதுகின்றன. ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. சிங்களத்தில் அதே வண்டி ‘கிலன் ரதய’. கிலன் என்பது பாளியிலிருந்து வந்த நோயாளி, ரதம் எங்களுக்கும் தெரிந்த ரதம். அம்புலன்ஸ் என்பதோ நடப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்தது. படைகளின் பின்னால் போன நடமாடும் ஆஸ்பத்திரிக்குப் பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து பெயர் வைத்தார்கள். நடக்க முடியாதவரை ஏற்றும் வண்டிக்கு நடையைப் பெயராக வைத்தவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லையே என்று மேலதிகாரியைக் கேட்டேன். சொல் பிழைத்துக்கொண்டது. என் பதவி உயர்வு பிழைக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஊருக்கு வந்தேன். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகும் சின்னத் தீவு எங்களுடையது. வீட்டில் அக்கா மட்டும் இருந்தா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவ, கணவரை இழந்தவ, பிள்ளைகள் கனடாவில். நான் கலியாணம் முடிக்கவில்லை. அக்கா சமைப்பா, நான் கொப்பியில் சொற்களை எழுதுவேன். காவுக்கே ஒரு முழுக் கொப்பி போயிற்று. மலையாளத்தில் காவு என்றால் நாகமும் அம்மனும் குடியிருக்கும் மரச்சோலை. கா என்ற சொல்லுக்குச் சோலை என்று தமிழில் இருந்த பழைய பொருளை அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். கன்னடத்தில் காவு என்றால் சூடு. கோழி அடைகாக்கும் சூடும் அதுதான். வட இந்தியாவில் கங்கை நீரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் தண்டுக்குக் கான்வர் என்று பெயர். அது எங்களிடமிருந்து போனது என்பாரும் உண்டு, இல்லை என்று அடிக்க வருவாரும் உண்டு. இதையெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குச் சொல்லுவேன்.

“உதை ஆர் ராசா அவிச்சுத் தின்னுறது?” என்று கேட்டுக்கொண்டு அக்கா குழம்பை விடுவா.

கொப்பியில் எழுதாத ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் எப்படிப் பாவித்தோம் என்பது. எங்களுடையது காணி பூமி உள்ள குடும்பம். தண்ணீர், நெல்மூட்டை, நோயாளி, பிணம் எல்லாவற்றையும் காவ வழிவழியாக வேறு ஆட்கள் இருந்தார்கள். அப்பா படலையில் நின்று ஒரு ஆளைச் சொல்லி அனுப்புவார், நாலு பேர் வருவார்கள். நாங்கள் காவியது ஒன்றே ஒன்றைத்தான். கோயில் திருவிழாவில் சுவாமியை. வாகனத்துக்குத் தோள் கொடுக்க எங்களுக்குள் அடிபிடி. என் வலது தோளில் அந்தத் தழும்பு இருந்தது, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. சுவாமியைக் காவ அடிபட்டோம், மனிதரைக் காவ ஆள் கூப்பிட்டோம். இதை எழுத இப்போது கை கூசுகிறது.

அது கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாத மழை. வீட்டுக்கு வரும் எங்கள் ஒழுங்கை முழுக்க முழங்கால் வரை வெள்ளம். காலை ஏழு மணிக்குக் குசினியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தா. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. பேச முயன்றா, சத்தம் மட்டும் வந்தது. பாரிசவாதம் என்று எனக்கே விளங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தேன். உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேணும், இந்த வருத்தத்துக்கு ஓர் ஊசி உண்டு, அதைக் குறித்த நேரத்துக்குள் போட்டால் ஆள் தப்பலாம், வண்டி அனுப்புகிறோம், இறங்குதுறையில் படகு நிற்கும் என்றார்கள்.

எட்டு மணிக்கு வண்டி வந்துவிட்டது. ஆனால் வெள்ளத்தால் ஒழுங்கைக்குள் இறங்க முடியாமல் கோயிலடியில் நின்றது. எங்கள் வீட்டுக்கும் அதற்கும் முந்நூறு யார் தூரம் இருக்கும். சாரதி ஊர்காவற்றுறைப் பக்கம் சுருவில் என்ற ஊரைச் சேர்ந்த இளைஞர். காற்சட்டையை மடித்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்தார். அக்காவைப் பார்த்ததும் அதை விரித்தார்.

“ஐயா, நீங்கள் கால்மாடு பிடியுங்கோ, நான் தலைமாடு பிடிக்கிறன். ரெண்டு பேர் காணும்.”

“பொறும் தம்பி,” என்றேன். “ஆக்கள் வருவினம்.”

ஏனென்றால் வண்டி வருவதற்கு முன்பே ஓர் ஆளுக்கு நான் ஃபோன் எடுத்திருந்தேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன். அவனுடைய தகப்பனும் பாட்டனும் எங்கள் வீட்டுக்குக் காவ வந்தவர்கள். அவன் மேசன் வேலை செய்கிறான், யாருக்கும் காவுவதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அப்பாவின் குரலில்தான் பேசினேன். அக்கா விழுந்திட்டா, காவோணும், ரெண்டு மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை வைத்தான். எங்கள் வீட்டில் அந்த மௌனத்தைச் சம்மதம் என்றே எடுத்துப் பழகிவிட்டோம்.

சாரதி நேரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கொரு தடவை கேட்டார். இரண்டு பேர் தூக்கினால் வெள்ளத்தில் கால் வழுக்கி அக்காவை விழுத்திவிடுவோம் என்று நான் காரணம் சொன்னேன். அந்தக் காரணத்தை நானே கன நாள் நம்பியும் இருந்தேன். உண்மை அதுவல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிணம் காவுகிறவனைப்போல ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கக் கோயிலடிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அறுபத்தாறு வயதில், அக்கா கண் முன்னே கிடக்க, எனக்கு அந்த யோசனைதான் வந்தது. என்னை நானே காறித் துப்ப வேண்டிய இடம் இது.

அக்காவுக்கு நினைவு தப்பவில்லை. கண் திறந்திருந்தது. நான் விறாந்தைக்குப் போய் ஒழுங்கையை எட்டிப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண் என்னோடு போய் என்னோடு வந்தது. அவன் வர மாட்டான் என்று அவவுக்கு அப்போதே தெரிந்திருக்கும். போன வருடத் திருவிழாவில் அவனுடைய வளர்ந்த மகன் சட்டையைக் கழற்றிவிட்டு வாகனத்துக்குத் தோள் கொடுக்க வந்தான். “ஆக்கள் காணும்” என்று சொல்லி அவனை விலக்கியவர்களில் நானும் ஒருவன். உண்மையில் ஆட்கள் போதாமல் அன்றைக்குச் சுவாமி தள்ளாடித் தள்ளாடித்தான் வீதி சுற்றினார். அதைப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே அக்கா என்னோடு வாக்குவாதப்பட்டா. உங்களுக்கென்ன தெரியும் என்று நான் அவவின் வாயை அடைத்தேன்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் கழித்து, வெள்ளத்துக்குள்ளால் அவனுடைய மனைவி தனியே வந்தா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தா. என்னைப் பார்க்கவில்லை, சாரதியைப் பார்த்துத்தான் சொன்னா.

“அவர் வரமாட்டார். நான் பிடிக்கிறன், தூக்குங்கோ.”

அவவும் சாரதியும் இரண்டு முனையையும் தூக்கிவிட்டார்கள். நான் பக்கத்தில் நடந்து குடை பிடித்தேன். கோயிலடி வரைக்கும் குடைதான் பிடித்தேன்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, தலையைப் படம் எடுத்து முடிந்தபோது ஊசிக்கான நேரம் முக்கால் மணித்தியாலத்தால் தாண்டியிருந்தது. இளம் டொக்டர் ஒருத்தி ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்டா. கடல் சரியில்லை என்றேன். சாரதி ஊர்காவற்றுறையோடு திரும்பிவிட்டார். மறுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. கனடாவிலிருந்து மருமக்கள் அழுதுகொண்டு கேட்டபோதும் கடல் என்றேன். தீவில் இருப்பவனுக்கு இது ஒரு வசதி. எல்லாப் பழியையும் கடலில் போடலாம், அது திரும்பிப் பேசாது.

மூன்று கிழமைக்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வந்தா. பேச்சு முழுதாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படங்கள் உள்ள மட்டைகளைத் தந்து, காட்டிக் காட்டிச் சொல்லப் பழக்கச் சொன்னார்கள். கோப்பை, கதிரை, மாடு. ஆறு மொழியில் ஒரு சொல்லைத் துரத்தினவன் அக்காவின் வாயிலிருந்து ஒரு மாட்டை வெளியே கொண்டுவர முடியாமல் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தேன்.

மருமக்கள் பேசி ஒழுங்கு பண்ணி, அன்று ஸ்ட்ரெச்சர் பிடித்த அந்த மனைவியே அக்காவைப் பராமரிக்க வந்தா. காலையும் மாலையும் வந்து தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிட்டுப் போவா. நடுவில் அக்காவைத் தூக்க வேண்டி வந்தால் நான் குனிந்து கையைக் கொடுப்பேன். அக்கா இடக்கையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளுவா. அந்த ஒரு கையில்தான் பலம் மிச்சம் இருந்தது. முதலில் நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். தம்பி என்றாலும் ஆம்பிளைதானே.

ஒரு நாள் அந்த மனைவிக்குக் காய்ச்சல், வரவில்லை. காலையிலேயே படுக்கை நனைந்துவிட்டது. நான் நாலு தரம் குனிந்தேன், நாலு தரமும் தள்ளிவிட்டா. பகல் முழுக்க ஈரத்தில் கிடந்தா. பின்னேரம் நான் கட்டிலடியில் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னேன்.

“அக்கா, அண்டைக்கு நான் பிழை விட்டனான். என்னை ஒருக்காத் தூக்க விடுங்கோ.”

அக்கா என்னைக் கன நேரம் பார்த்தா. பிறகு இடக்கையை மெல்லத் தூக்கி, யன்னல் பக்கம் நீட்டி, அந்த வீட்டைக் காட்டினா. நான் எழும்பிப் போய் அவர்களுடைய படலையில் நின்று கூப்பிட்டேன். காய்ச்சலோடு அந்த மனைவி எழும்பி வந்து அக்காவைத் தூக்கினா. கணவன் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் அக்கா எட்டு மாதம் இருந்தா. கடைசி வரைக்கும் என்னைத் தூக்க விடவில்லை.

செத்த வீட்டுக்குக் கன பேர் வந்தார்கள். கோயிலடியில் தோளுக்கு அடிபடுகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் வேட்டியோடு நின்றார்கள். இப்போது காவ ஆள் கிடைப்பதில்லை என்று அவர்களே பெட்டியைத் தூக்கப் பழகிவிட்டார்கள். முன்பக்கத்து மூலைக்கு நான் போனேன். வயது போன நேரத்தில் உமக்கு ஏலாது, விடும் என்று சிலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. குனிந்து தோளைக் கொடுத்தேன். அக்கா அன்றைக்கு என்னைத் தள்ளிவிடவில்லை.