திராட்சைக் குழுவில் ஒரு கணக்குத் தாள்

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் என் வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த மீன்கள். ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பலாம் என்று ஒரு காலையில் அதைப் படமெடுத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நின்றார். சிரித்துக்கொண்டுதான் பேசினார், ஆனால் நகரவில்லை. படத்தின் ஓரத்தில் அவருடைய மகன் இருக்கிறானாம், அழிக்க வேண்டுமாம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புத்தகப் பையும் அதற்குக் கீழே இரண்டு கால்களும் தெரிந்தன. "டாடன்ஷுட்ஸ்" என்றார். ஒருவருடைய விவரம் அவருக்கே சொந்தம், பிறர் அதைத் தொடக் கூடாது என்று பொருள். இந்த நாட்டில் ரொட்டிக்கு அடுத்தபடியாக அதிகம் காதில் விழும் சொல் அது. அழித்தேன். அழித்ததைக் காட்டச் சொன்னார், காட்டினேன். அதே வாரம் எங்கள் ஊரான சுருளிப்பட்டியில் என் அப்பா, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கை பவித்ராவின் காலாண்டுக் கணக்குத் தாளை, பெயரும் மதிப்பெண்ணும் பளிச்சென்று தெரிய, திராட்சை விவசாயிகளின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, கேட்காதவர்களிடமும் சொல்வேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். அம்மாவுக்கு அதுவும் வராது. நான் படித்த காலத்தில் அவர்களால் செய்ய முடிந்தது, நான் படிக்கும்போது சத்தம் போடாமல் இருந்தது மட்டும்தான். பவித்ராவின் முறை வந்தபோது கையில் போன் வந்துவிட்டது. எழுதத் தெரியாதவர்களும் அதில் பேசி அனுப்பலாம், பேசியதைக் கேட்கலாம். அம்மா யூடியூபில் வேதியியல் பாடத்தை ஓடவிட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்த டீச்சரு என்னமோ எலக்ட்ரான் ஓடுதுன்னாக. எங்கிட்டு ஓடுது? சொல்லு" என்று விசாரிப்பார். பதில் சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. பவித்ரா திணறினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார். அப்பாவோ பள்ளியின் பெற்றோர் குழுவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் கும்பிடு போடுவார், நாளை விடுமுறை என்ற செய்திக்கும்.

ஆனால் அப்பா மனதார நம்புவது திராட்சைக் குழுவைத்தான். எங்கள் பக்கம் கொடியில் ஓர் இலை நிறம் மாறினால் உடனே படமெடுத்துக் குழுவில் போடுவார்கள். இலையில் செந்திட்டு விழும் செவட்டை நோயா, சாம்பல் நோயா என்று பத்துத் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஒருவன் மறைத்தால் அடுத்தவன் பந்தலுக்கும் பரவிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் அப்பா கணக்குத் தாளையும் போட்டார். கூடவே குரலும் அனுப்பியிருந்தார்: "வணக்கம். இது எம் மக பரீச்சத் தாளு. அங்கன அங்கன செவப்பா வட்டம் விழுந்திருக்கு. எதனால வருது, என்ன செய்யலாம்னு வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க."

பதில்கள் குவிந்தன. "செவட்டை முத்திருச்சு மாமா." "அடியுரம் பத்தல." படத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர், "வெயிலுக்கு முன்னாடி மருந்த அடிச்சு விடுங்க, எலைக்கு அடியிலயும் படணும்" என்று அக்கறையாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில், அப்பாக்களின் போனில் அதைப் பார்த்துவிட்ட பையன்கள் பவித்ராவை "செவட்டை" என்று கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்த்துக் கணக்குப் பிரிவிலிருந்து வணிகவியலுக்கு மாற்றச் சொல்லப்போவதாக அறிவித்தாள். வணிகவியல் ஒன்றும் குறைந்த படிப்பில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்துப் பொட்டிப்புரத்து மலைக்குள் இயற்பியல் ஆய்வகம் வரப்போகிறது என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து, அங்கே வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்தவள் அவள்.

அப்பாவை அழைத்தேன்.

"ஏம்ப்பா அதப் போட்டீக?"

"எல இப்பிடி ஆனா போட மாட்டமா ஆத்தா?"

"அது எல. இது புள்ளப்பா."

"எலைக்கே அம்புட்டுப் பேரு ஓடி வாராக. புள்ளைக்கு வர மாட்டாகளா?"

போனை வைத்தேன். பக்கத்து வீட்டு ஹைக்கேயிடம் புலம்பினேன். அவளுக்கும் பள்ளி செல்லும் மகள் உண்டு. திராட்சைக்காரர்கள் குழு என்றதும் அவள் முகம் மாறியது. "குடிக்கிறவர்களிடமா தேர்வுத் தாளைக் காட்டினார்?" என்றாள். எங்கள் ஊரில் திராட்சையைத் தின்போம், ஒயினுக்கு வளர்ப்பதில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. பிறகு அவள் கேட்டாள்: "சரி, பவித்ராவிடம் அனுமதி கேட்டாரா?" அனுமதியா, அவர் அப்பா ஆயிற்றே என்றேன். "அதனால்தான் கேட்கிறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பா சொன்னதும் சரி, இவள் சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் சாப்பிடாமல் படுத்திருந்தாள்.

நானும் அந்தக் குழுவில் உண்டு; வந்திருந்த குரல்களை மறுபடி கேட்டேன். கேலிகளுக்கு அடியில் ஒரு குரல் கிடந்தது. உரக்கடைக்காரரின் மருமகள், பொறியியல் படித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர். குழந்தை அழுகைக்கு நடுவே சொல்லியிருந்தார்: "மாமா, புள்ளைக்குக் கணக்குத் தெரியுது. எல்லா எடத்துலயும் ஒரே தப்புத்தான். அடைப்புக்குறிக்கு வெளிய மைனஸ் இருந்தா உள்ள இருக்கிற எல்லாக் குறியையும் மாத்தணும். மொத ஒண்ண மட்டும் மாத்திட்டு விட்டுருது. சாயங்காலம் வரச் சொல்லுங்க."

பவித்ராவை அழைத்து அதைக் கேட்கச் சொன்னேன். மறுத்தாள். "ஒன் பட்டமளிப்பு போட்டோவத்தான் அப்பா டிபியா வச்சிருக்காக. ஒரு தடவையாச்சும் செவப்பு மையப் பாத்திருக்கியா நீ? பேச வந்துட்டா."

என் பையில் அந்த வாரம் வாங்கிய ஜெர்மன் வகுப்புத் தேர்வுத் தாள் இருந்தது. ஆசிரியை சிவப்பு மையைத் தாராளமாகச் செலவழித்திருந்தார். அதில் தேறாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது. அலுவலகத்தில்கூட யாருக்கும் காட்டவில்லை. சுருளிப்பட்டிக்கு நான் தோற்கவே தெரியாத ஆள். அந்தப் பெருமையை நானே பாடுபட்டு வளர்த்திருக்கிறேன். பையைத் திறந்தேன். பிறகு தாளைப் படமெடுத்துத் திராட்சைக் குழுவில் போட்டேன். "எனக்கும் செவட்டை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

முதலில் ஒருவர், "ஏ ஆத்தா, ஒனக்கு வேரோட போயிருச்சு போல" என்றார். "வெளிநாட்டுக் கொடி, நம்ம மருந்து கேக்காது" என்றார் இன்னொருவர். கேரளத்துக் குமுளிக்குப் பழம் அனுப்பும் வியாபாரி ஒருவர் மட்டும், தனக்குத் தெரிந்த மலையாளத்து நர்ஸ் ஒருவர் ஜெர்மனியில் இருப்பதாகச் சொல்லித் தாளை அவருக்கு அனுப்பினார். அன்றைக்கே பதில் வந்தது. மலையாளம் கலந்த தமிழில் ஜெர்மன் வினைச்சொற்களைப் பற்றி அந்த நர்ஸ் விளக்கியதை, சுருளிப்பட்டித் தோட்டக்காரர்கள் அனைவரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அப்பா கும்பிடு போட்டார்.

சாயங்காலம் பவித்ரா அழைத்தாள். வாய் நிறையச் சோறு. "நான் ஒன்னய விட மேல்க்கா. எனக்கு ஒரு நோய்தான், ஒனக்குத் தோட்டமே போச்சு." உரக்கடை அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தாள்: இனிமேல் கேள்வியை மட்டும் போடலாம், அவள் தாளை அவளிடம் கேட்காமல் போடக் கூடாது. அப்பா தலையாட்டிவிட்டு, "அக்கா தாளப் போடலாமா?" என்று கேட்டாராம். "அவ தாள என்ன வேணாலும் செய்யிங்க" என்றிருக்கிறாள் என் உடன்பிறப்பு.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு படம் அனுப்பினார். வெயிலில் போன் திரை தெரியவில்லை என்று, என் ஜெர்மன் தாளைக் கம்பம் நகருக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக நகலெடுத்து, பந்தல் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டியிருக்கிறார். வருவோர் போவோர் நின்று பார்க்கிறார்களாம். இங்கே குளிர்மழை கொட்டுகிறது; நான் கையுறை போட்டுக்கொண்டு டிராமுக்கு நிற்கிறேன். அங்கே திராட்சைக் கொத்துகளுக்கு நடுவே, என் பெயர் போட்டு, என் தவறுகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன.