பச்சைத் திரையில் ஓடாத லாரி

சங்ககிரியில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய பெண்களில் பாதிப்பேர் பெரியநாயகியிடம் படித்தவர்கள். எட்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் தடதடக்கும்போது, எந்த மெஷினில் தப்பு விழுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். எண்பத்தெட்டில், இனிமேல் இதுதான் காலம் என்று ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாள். கருப்புத் திரையில் பச்சை எழுத்து.

அவள் வீட்டுக்காரர் குழந்தைவேல் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். புனே போகும்போது வண்டி கவிழ்ந்து இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாத காலோடு வீட்டில் உட்கார்ந்தார். யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு, "இப்ப மூணாவது கியரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். 

அந்த வருஷம் தீபாவளிக்குப் பழைய மாணவி ராமாத்தாள் பெங்களூரிலிருந்து வந்தாள். கையில் ஒரு பிளாப்பி. "லாரி ஓட்டற கேமுங்க டீச்சர். ஐயாவுக்குப் புடிக்கும். உங்க கம்ப்யூட்டர்ல ஓடுமான்னு மட்டும் பாத்துக்குங்க." என்னென்ன வேண்டும் என்று உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் குழந்தைவேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எதுக்கு இந்தச் சட்டை?"

"வண்டி எடுக்கறப்ப வேற எதப் போடறது புள்ள?"

பெரியநாயகி உறையை வரிவரியாகப் படித்தாள். மெமரி இருநூற்று ஐம்பத்தாறு வேண்டுமாம். அதில் எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு, தட்டினாள். அறுநூற்று நாற்பது என்றது. "தாராளமா இருக்குதுங்க." அடுத்த வரியில் கலர் கார்டு என்று இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனது ஆகட்டும் என்று பிளாப்பியைச் செருகினாள். டிரைவ் கரகரவென்றது. குழந்தைவேல் முன்னால் சாய்ந்தார். திரையில் ஒரே ஒரு பச்சை வரி வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"கலர் கார்டு இல்லையாமுங்க. ஓடாதாமுங்க."

"எஃப்.சி. எடுக்காத வண்டின்னு செக்போஸ்ட்ல நிறுத்திப்போட்டாங்கன்னு சொல்லு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை, டைப்ரைட்டருக்கு ரிப்பன் வாங்க வேண்டும் என்று சொல்லி அவரையும் சேலத்துக்குப் பஸ் ஏற்றினாள். கம்ப்யூட்டர் விற்ற மயில்சாமியின் கடையில் பிளாப்பியை நீட்டினாள்.

"உங்க மெஷின் எழுத்து மட்டுந்தான் காட்டுமுங்க டீச்சரம்மா, படம் போடாது" என்றார் மயில்சாமி. "இங்க கலர் மெஷின் ஒண்ணு இருக்குது. இதுல பாக்கலாம், வாங்க."

ஓடியது. நீலமும் சிவப்புமாக ரோடு விரிந்தது. குழந்தைவேல் ஒற்றை விரலால் அம்புக்குறியை அழுத்தி வண்டியை எடுத்தார். எல்லாக் காரும் அவரைத் தாண்டிப் போனது. நேரம் முடிந்து ஆட்டம் நின்றது.

"இன்னும் வேகமாப் போகோணுமுங்க" என்றார் மயில்சாமி.

"லோடு வண்டிங்க. பின்னால என்ன ஏத்தியிருக்குதுன்னு தெரியாம எப்படிங்க அழுத்தறது?"

நான்காவது தடவை முதல் எல்லையைத் தாண்டினார். பெரியநாயகி திரையைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் அவருடைய இடது கால், இல்லாத கிளட்சை மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்தது. வைத்தியர் சொன்ன பயிற்சியை ஒருநாளும் செய்யாத கால் அது. ரிப்பனைக்கூட மறந்துவிட்டாள்.

அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இருவரும் சேலம் போனார்கள். அடுத்த வருஷம், நம் மெஷினுக்கே கலர் கார்டு போட்டுவிடலாமா என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம் புள்ள" என்றார் குழந்தைவேல். "ஊட்லயே ஓடுச்சுன்னா, அப்புறம் நீ எங்கூட எங்க வரப்போற?"