தனக்காகத் தானே காத்திருந்த இயந்திரம்

சின்னவள் ஜெயித்தவற்றைப் பெரியவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். ஆறு வயதுவரை வெளியாள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, ஏழாவது வயதில் வகுப்பில் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்று திக்கித் திக்கி, முழுதாகச் சொன்னது ஒன்று. அதற்கு ஒரு நிமிடம் ஆனது. டீச்சர் அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்த தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் கணக்கில் முந்தியது இரண்டு. அப்பா படுக்கையில் விழுந்து, பெரியவள் பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போன பிறகும், தான் மட்டும் விடாமல் கல்லூரிவரை படித்தது மூன்று. பதினோரு நேர்முகத் தேர்வுகளில் நாக்கு காலை வாரிவிட, பன்னிரண்டாவதில் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியே வேலை வாங்கியது நான்கு.

ஐந்தாவதை எண்ணுவதற்குப் பெரியவளுக்கு ஒன்பது நாள் ஆனது. முதலில் அது வெற்றி என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

சின்னவள் எழுதுவது டிரைவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "டிரைவருக்கு நீ என்னத்தைடி எழுதித் தர்ற?" என்று பெரியவள் கேட்டு, வீடே சிரித்தது. கணினிக்கும், தகவலைச் சேமித்து வைக்கும் டிஸ்குக்கும் நடுவில் நின்று, இதை எழுது, அதை எடு என்று வேலை வாங்குகிற நிரலுக்குத்தான் அந்தப் பெயர். அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நிரலில் யார் எந்த மாற்றம் செய்தாலும், அதன் அடியில் 'இதற்கு நான் பொறுப்பு' என்று ஒரு வரியும் பெயரும் போட வேண்டும். ஆனால் முதல் மூன்று வருஷம் புதியவர்களின் பெயர் அங்கே வராது. எழுதுவது அவர்கள், பெயர் குழுத் தலைவருடையது. தடித்த கண்ணாடி போட்ட அந்த மனிதரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றே சொன்னார்கள். சின்னவள் சேர்ந்து இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றின் அடியிலும் அவள் பெயர் இல்லை.

2018, மார்ச் ஆறு, செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பதுக்குப் பெரியவள் நாற்பது விரிப்புகளோடு ஸ்கேன் பிரிவுக்குப் போனாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்கு அது பதினான்காவது வருஷம். வாசலில் நின்று எண்ணிக் கொடுத்து, வாங்குகிறவரும் எண்ணிய பிறகுதான் நகர்வாள். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மெஷின்காரர் அவளைக் கண்டால், "என்ன மேடம், இன்னைக்கும் ஒரு தலையணை உறை குறையுதா?" என்று சீண்டாமல் விடமாட்டார்.

அன்று அவர் அவளைப் பார்க்கவே இல்லை. திரைமுன் குனிந்து நின்றார். ஸ்ட்ரெச்சரில் ஒரு கூரை வேலைக்காரர், தலையில் கட்டோடு. அவருடைய செருப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மனைவி.

"படம் எடுத்தாச்சுல்ல?" என்றார் டாக்டர்.

"எடுத்தாச்சு சார்," என்றாள் நர்ஸ்.

"எங்க?"

"உள்ளதான் இருக்கு. வர மாட்டேங்குது."

திரையில் நேரம் 10:31 என்று இருந்தது. சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் போய்விட்டிருந்தது. பக்கத்து அறையிலும் அதே 10:31. மாடியிலும் அதே.

"பிழைன்னு ஒரு வரிகூட வரலையே," என்றார் மெஷின்காரர், யாரிடம் என்றில்லாமல். "சாகற மெஷின்கூட ஒரு சத்தம் போட்டுட்டுச் சாகும். இது மூச்சைப் பிடிச்சிட்டு நிக்குது." கையில் இருந்த விரிப்புகளைப் பெரியவள் அன்று எண்ணாமலே வைத்துவிட்டு வந்தாள்.

அணைத்து மீண்டும் போட்டு, எல்லாம் எழுந்து நிற்க இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் கூரை வேலைக்காரரை ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அது தாமதத்தால்தானா என்பதை டாக்டர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மாலையில் பெரியவள் இதை வீட்டில் சொல்லி முடிக்கும்வரை சின்னவள் தட்டில் கை வைக்கவில்லை.

"அந்தப் படமெல்லாம் சேர்த்து வைக்கிற பெட்டி... சாம்பல் கலரா? முன்னாடி ரெண்டு பச்சை விளக்கா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"அது எங்க பெட்டிக்கா."

தன் தங்கை எங்கோ குளிரூட்டிய அறையில் எழுதுகிற எதுவோ ஒன்று, தான் தினமும் விரிப்பு கொண்டுபோகும் அறையில் வந்து உட்கார்ந்திருக்கும் என்று பெரியவள் கனவிலும் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்கு அறிக்கை அனுப்பினார். நிரலில் பழுது இல்லை, டிஸ்கைச் சரியாகப் பராமரிக்காததே காரணமாக இருக்கக்கூடும். அந்தக் 'கூடும்' ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கண்ணில் படவில்லை. சனிக்கிழமையே மெஷின்காரரை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியவள் அவரைப் படியில் பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தையும் மேஜையிலிருந்த குடும்பப் படத்தையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துச் சீண்டவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

புதன்கிழமை மாலை சின்னவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னடி?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

அந்தக் கணினி நின்றுபோன நொடியில், யார் யாரை வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியல் அதன் உள்ளே அப்படியே உறைந்து கிடந்தது. அதை எடுத்துக் கீழிருந்து மேலாகப் படித்திருக்கிறாள். ஒரே வேலையின் பெயர் அதில் இரண்டு முறை இருந்தது. அடியில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அக்காவிடம் பேசும்போது சின்னவளுக்கு நாக்கு திக்காது; மூச்சை இழுத்து நிதானமாகச் சொன்னாள். "கணினிக்கு மெமரி பத்தலேன்னா, கையில வச்சிருக்கிறதைக் கொண்டுபோய் டிஸ்குல எழுதிட்டு இடத்தைக் காலி பண்ணும். எழுதறது என் டிரைவரோட வேலை. ஆனா எழுதறதுக்கே டிரைவருக்கும் துளி மெமரி வேணும். நான் அதை முன்கூட்டியே எடுத்து வைக்கலை. எழுதற நேரத்துல போய்க் கேட்டேன். அது, இரு, கொஞ்சம் காலி பண்ணிட்டுத் தரேன்னுச்சு. காலி பண்றதுக்கு என்னையே கூப்பிட்டுச்சு."

"நீ?"

"நான் அது தரட்டும்னு நின்னேன்."

பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "துணி அறை நிரம்பிப்போச்சு. காலி பண்ணத் தள்ளுவண்டி வேணும். வண்டி துணிக்கடியில மாட்டிக்கிட்டிருக்கு."

"அதேதான்."

"யாரும் யாரையும் திட்டலையா? சத்தம் போடலையா?"

"எதுக்குப் போடணும்? ரெண்டு பேரும் மரியாதையா காத்திருக்காங்க. அதான் பிழைன்னு ஒரு வரிகூட வரல. எங்க ஆபீஸ் மெஷின்ல மெமரி கொட்டிக் கிடக்கு, அங்க எத்தனை சோதிச்சாலும் இது வராது. உங்க ஆஸ்பத்திரியில அன்னைக்கு ஸ்கேன் கூட்டம்."

"யாருடி அப்படி எழுதினது?"

சின்னவள் தன்னையே விரலால் காட்டினாள். மெமரி கேட்கும்போது, 'உடனே தா, இல்லையென்றால் இல்லை என்று சொல்' என்றும் கேட்கலாம். 'கிடைக்கும்வரை காத்திருக்கிறேன்' என்றும் கேட்கலாம். சின்னவள் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். பிறந்ததிலிருந்து தன் முறைக்காகக் காத்திருந்தே பழகியவள். அடித்துப் பிடித்துக் கேட்பது அவளுக்கு வராது. அந்த வரிகளில் யார் பெயர் இருந்தாலும், தான் போட்ட தையலைத் தானே அடையாளம் காண்பதுபோல அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெரியவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். செருப்பை அணைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்தது. அப்புறம் தங்கையின் முகம். அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அங்க யார் பேர் இருக்கு?"

"கண்ணாடிக்காரர் பேர்."

"அப்போ பேசாம இரு."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தமில்லாம சரி பண்ணிடு. உன் பேருதான் எங்கயும் இல்லையே. இந்த வேலைக்கு நீ எப்படி நாய் படாத பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

"மெஷின்காரர், அக்கா?"

"அவருக்கு வேற இடம் கிடைக்கும்."

சொன்ன மாத்திரத்தில் அந்த வார்த்தை பெரியவளுக்கே அன்னியமாகக் கேட்டது. ஒரு துண்டு குறைந்தால்கூடக் கணக்கை மூடாதவள், ஒரு மனிதரைக் குறைத்து எழுதச் சொல்லிவிட்டாள். தங்கை எழுதியதைக் கேட்டபோது வந்த அதிர்ச்சி பெரிதா, தன் வாயைக் கேட்டபோது வந்தது பெரிதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சின்னவள் கைகால் கழுவப் போனாள்.

மறுநாள் நடந்ததைச் சின்னவள் பிற்பாடு வரி விடாமல் சொன்னாள். காலையில் நேராகக் கண்ணாடிக்காரர் அறைக்குப் போயிருக்கிறாள். "பெட்டி நின்னது என் பிழையால, டிஸ்கால இல்ல." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக அவள் திணறினால் அவரே வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். அன்று முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நான்கு நிமிடம் காத்திருந்தார்.

அவள் பட்டியலை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து மேலாகப் படித்தார். இரண்டாவது முறை அந்த வேலையின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இதை நானும் படிச்சிட்டுத்தான் என் பேரைப் போட்டேன்," என்றார். பிறகு, "சரி பண்ணி எழுது. ஏன் நின்னதுன்னும் எழுது. அடியில என் பேர் வேண்டாம்."

"வே... வேற யார் பேர் சார்?"

"யாருக்குத் தெரியுதோ அவங்க பேர்."

கோபத்தில் சொன்னாரா, மரியாதையில் சொன்னாரா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. தன்னை வெளியே அனுப்பத்தான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்து எழுதினாள். டிரைவர் எழுந்ததுமே கொஞ்சம் மெமரியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். வேறு எதற்கும் அதைத் தொடாது. எழுதும் நேரத்தில் யாரிடமும் போய் நிற்காது. மாற்றம் மொத்தம் பத்தொன்பது வரி. விளக்கம் அதைவிட நீளம். பிழை டிஸ்கில் இல்லை, பராமரித்தவரிடமும் இல்லை, இந்த வரிகளை எழுதியவள் நான் என்று அதில் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை அதை இணைத்துக் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் புதிய அறிக்கை அனுப்பினார். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்துவிடு என்று சின்னவளிடம் சொன்னார்.

மெஷின்காரரும் அதே திங்கட்கிழமை திரும்பி வந்தார். பெரியவளைக் கண்டதும், "என்ன மேடம், நான் இல்லாதப்போ எத்தனை உறை காணாம போச்சு?" என்றார். பெரியவளால் சிரிக்க முடியவில்லை. விரிப்புகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.

அந்தப் பத்தொன்பது வரிகளைத் தாளில் அச்செடுத்து வரச் சொல்லி, பெரியவள் அதைத் தன் அலமாரியில் வைத்திருக்கிறாள். நடுவில் இருப்பதில் அவளுக்கு ஓர் எழுத்தும் புரியாது. கடைசி வரி மட்டும் புரியும். பொறுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தங்கையின் பெயர், திக்காமல், முழுதாக. அதற்குக் கீழே தேதியும் நேரமும்: 2018, மார்ச் பதினைந்து, வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பது.