கலாக்கா தெரிந்தெடுத்த தோட்டா

கலாக்கா இறந்த செய்தியை அவர் மகள் நிலா தொலைபேசியில் சொன்னபோது நான் டோர்வலில் வண்டிக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா விடிய போயிட்டா, மாமா. கடைசியில நோவு இருக்கேல்லை," என்றாள். வங்கிகளுக்குப் பணம் கொண்டுசெல்லும் கவச வண்டியில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் சாரதி. ஆயுதத்தோடு இறங்குபவர் அவர்.

கோயிலில் மட்டும் அவரைக் கண்டவர்களுக்கு அவர் இடுப்பிலிருந்த ரிவால்வரைத் தெரியாது. கை சிறியது என்று கம்பனி அவருக்கு ஐந்து தோட்டா போடும், எடை குறைந்த சிறிய ரிவால்வரையும், கூடவே மிகப் பலமான தோட்டாக்களையும் கொடுத்தது. பயிற்சி நாளில் ஒவ்வொரு வெடிக்கும் அது அவர் கையை உதைத்தது. பெருவிரலடியில் தோல் கிழிந்து இரத்தம் வடிந்தது. ஐந்தாவது வெடி போகவேயில்லை. உதைப்பில் கடைசித் தோட்டாவின் ஈயக்குண்டு கூட்டிலிருந்து முன்னே நழுவி, தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழலவிடாமல் அடைத்துவிட்டது.

"பலம் குறைந்ததைப் போட்டால் ஆள் விழமாட்டான்," என்றார் பயிற்சியாளர்.

அக்கா இரத்தத்தைத் துடைக்காமலே என்னிடம் திரும்பினார். "முதல் வெடி பெலமாப் போய் என்ன, வசந்தன்? ரண்டாவதும் போகவேணும். என்ர கை தாங்கிறதைத்தான் போடுவன்."

பல வகைகளைச் சுட்டுப் பார்த்து, கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடித்திருந்த சாதாரணத் தோட்டாவைத் தெரிந்தெடுத்தார். கம்பனி முணுமுணுத்துச் சம்மதித்தது.

அந்தப் பனிக்காலத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வங்கி வாசலில், முகத்தை மூடிய ஒருவன் துப்பாக்கியோடு பாய்ந்தான். அவன் சுட்ட குண்டு அக்காவின் கவச அங்கியில் பட்டு, அவரை வண்டியோடு அறைந்து வீழ்த்தியது. கிட்ட வந்து முகத்துக்கு நேரே குறிவைத்தான். அக்கா கிடந்தபடியே சுட்டார். தோளில் பட்டது, அவன் துப்பாக்கியை விடவில்லை. மறுபடி சுட்டார். நெஞ்சிலிருந்து இரத்தம் பீறிட அவன் பனியில் சரிந்தான். அம்புலன்ஸ் வருவதற்குள் செத்துப்போனான்.

அக்கா செய்தது தற்காப்பு என்று விசாரணை முடிந்தது. கோயிலில் ஒருவர் அவரை வீரப் பெண் என்று புகழ்ந்தார். "அவன்ர தாயும் இந்த ஊரிலதான் இருக்கிறா. அவவுக்கு முன்னால இப்பிடிச் சொல்லுவியளோ?" என்று கேட்டார் அக்கா.

ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலைக்கு அக்கா மாறினார். ஒருநாள் தேநீர் குடிக்கையில் தானாகவே சொன்னார்: "பிழையான தோட்டா எண்டால் நான் செத்திருப்பன். சரியானது எண்டபடியால் அவன் செத்தான். இதில சந்தோசப்பட என்ன கிடக்கு?"

விசாரணையில் எவரும் என்னிடம் கேட்காத ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அவன் விழுந்ததும், நான் வண்டியிலிருந்து இறங்குமுன் அக்கா தவழ்ந்து போய், அவன் முகமூடியை இழுத்தெறிந்துவிட்டு, நெஞ்சுக் காயத்தை இரு கைகளாலும் அழுத்தினார். இருபது வயதிருக்கும் வெள்ளைக்காரப் பொடியன். இந்த ஊர் மொழியான பிரெஞ்சில் தெரிந்த கொஞ்சமும் அக்காவுக்கு மறந்துபோயிற்று. தமிழிலேயே சொன்னார்.

"மூச்சு விடு, தம்பி. அம்புலன்ஸ் வருது. மூச்சு விடு."

அவன் மூச்சு நின்ற பிறகும் சொல்லிக்கொண்டேயிருந்தார். கலாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான்.